டெர்மினலில் ஃபைலைத் தேடித் தேர்ந்தெடுக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

#1 கயல்

எல்லோருக்கும் வணக்கம். பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன் படங்களை எழுத்தாக்கி மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். கோப்புகள் எல்லாம் உபுண்டு 22.04 ஓடும் ஒரு சர்வரில் இருக்கின்றன. எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போய்த்தான் வேலை. மவுஸ் கிடையாது, ஜன்னல் கிடையாது.

ஆண்டு, அதற்குள் தொகுதி, அதற்குள் இதழ், அதற்குள் படங்கள், ஓசிஆர் (படத்திலிருந்து கணினி எடுத்த எழுத்து), மெய்ப்பு-1, மெய்ப்பு-2 என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகிறது. எனக்கு வேண்டிய ஃபைலின் பெயர் பாதிதான் நினைவில் இருக்கும். ‘தலையங்கம்’ என்று வரும், எந்த ஆண்டு, எந்த இதழ் என்று தெரியாது. சிடி (ஃபோல்டர் மாற்ற), எல்எஸ் (பட்டியல் பார்க்க), மறுபடி சிடி என்று இறங்கி ஏறியே நேரம் போகிறது. டேப் அடித்தால் எல்லாப் பெயரும் ‘இதழ்-’ என்றே தொடங்குவதால் அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு தேவையும் உண்டு. வெவ்வேறு ஃபோல்டர்களில் இருக்கும் ஐந்தாறு ஃபைல்களைப் பொறுக்கி, சரிபார்ப்பவருக்கான ஃபோல்டருக்கு நகல் எடுக்க வேண்டும். ரேஞ்சர் என்ற ஃபைல் மேலாளரைப் போட்டுப் பார்த்தேன். சுற்றிப் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த ஃபோல்டருக்குள் போக வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் சிக்கலே அதுதானே. நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள்?

#2 முத்து_நெல்லை

கயல், உங்களுக்கு வேண்டியது எஃப்இசட்எஃப் (fzf). தயங்காமல் சொல்வேன், டெர்மினலில் நான் வேலை செய்யும் விதத்தையே மாற்றிய கருவி அது. (கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

ஜூன்கன் சோய் என்ற கொரிய நிரலாளர் 2013-இல் எழுதியது. முதலில் ரூபியில் இருந்தது, 2015-இல் கோ மொழிக்கு மாற்றி எழுதினார். அதனால் இப்போது ஒரே ஒரு நிரல் ஃபைல், கூட எதுவும் வேண்டாம். விம் என்ற உரைத்திருத்தியைப் பயன்படுத்துகிறவர்கள் விம்-பிளக் என்ற செருகு நிர்வாகியை அறிந்திருப்பார்கள், அதுவும் இவருடையதுதான்.

வெறுமனே எஃப்இசட்எஃப் என்று அடித்து என்டர் தட்டினால், நீங்கள் நிற்கும் ஃபோல்டருக்குக் கீழே உள்ள எல்லா ஃபைலும், எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், முழுப் பாதையோடு ஒரே பட்டியலாக வந்து நிற்கும். நீங்கள் எழுத எழுதப் பட்டியல் சுருங்கும். எழுதுவது தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, அதே வரிசையில் இருந்தால் போதும். ‘1934/தொகுதி-07/இதழ்-03/மெய்ப்பு-2/தலையங்கம்’ என்ற பாதையைப் பிடிக்க ‘34தலை’ என்றாலே போதும். இடைவெளி விட்டு ‘தலை 34’ என்று எழுதினால் இரண்டும் தனித்தனிச் சொற்களாகிவிடும், அப்போது வரிசை முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

மேல் கீழ் அம்புக்குறியால் நகர்ந்து என்டர் தட்டினால், தேர்ந்தெடுத்த பாதையை அச்சடித்துவிட்டு வெளியேறிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஃபைலைத் திறக்காது, நகர்த்தாது, அழிக்காது. இதைக் குறையாக நினைக்காதீர்கள், அதன் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

#3 பழைய_பாஷ்

கருவி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைக் காட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. நாம் கட்டளை அடிக்கும் ஷெல்லான பாஷிலேயே குளோப்ஸ்டார் என்ற வசதி இருக்கிறது. ஷாப்ட் கட்டளையால் அதை இயக்கிவிட்டால், எல்எஸ் **/*தலையங்கம்* என்று அடித்தவுடன் எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் கிடைத்துவிடும். ஃபைலைப் பெயரால் தேடும் ஃபைண்ட் கட்டளை எல்லாச் சர்வரிலும் இருக்கும். பட்டியலைக் காட்டி எண் கேட்டுத் தேர்வு செய்யும் செலக்ட் என்ற சொல்கூட பாஷுக்குள்ளேயே உண்டு.

நான் பார்க்கிற சர்வர்கள் பலவற்றில் வெளியிலிருந்து ஒரு நிரலைக்கூட நிறுவ அனுமதி கிடையாது. அங்கே போய் நிற்கும்போது கை பழகியிருக்க வேண்டியது ஃபைண்ட்டும், ஃபைலுக்குள் எழுத்தைத் தேடும் கிரெப்பும்தான்.

#4 முத்து_நெல்லை

பழைய_பாஷ் அண்ணா, நீங்கள் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஃபைண்ட் தெரியாதவருக்கு எஃப்இசட்எஃப் பாதிதான் பயன்படும். ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள் என்று நினைக்கிறேன். என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஃபைண்ட் போதும். கயலுக்கு வேண்டியதைச் சொல்லத் தெரியாது, பார்த்தால் தெரியும். ‘தலையங்கம்’ என்று தேடினால் ஐந்நூறு வரி வந்து திரையைத் தாண்டி ஓடும். அதில் ஒன்றைக் கண்ணால் பார்த்து, மவுஸ் இல்லாமல் அந்தப் பாதையை மறுபடி கையால் எழுத வேண்டும். அந்தக் கடைசி அடி எடுத்துவைப்பதற்குத்தான் இது.

செலக்ட் பத்து வரிக்கு நல்லது, ஐந்நூறு வரிக்கு எண் போட்டுத் தேர்வு செய்ய முடியாது.

அனுமதி விஷயத்துக்கு வந்தால், இது ஒரே ஃபைல் என்பதால் ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாமலே வீட்டு அடைவில் உள்ள ‘பின்’ (bin) ஃபோல்டரில் போட்டு இயக்கலாம். அதுவும் கூடாது என்று விதி இருக்கும் இடங்களில் கூடாதுதான், அங்கே ஃபைண்ட்தான் கதி.

#5 கயல்

நன்றி முத்து, நன்றி அண்ணா. உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவிவிட்டேன். பட்டியல் வருகிறது, எழுத எழுதச் சுருங்குகிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது!

இரண்டு கேள்விகள். ஒரு வழிகாட்டியில் கண்ட்ரோல்-டி (T) அடித்தால் எழுதிக்கொண்டிருக்கும் கட்டளைக்குள்ளேயே ஃபைல் பெயர் வந்து விழும் என்று போட்டிருந்தது. எனக்கு அடித்தால் கர்சரின் இரு பக்கத்து எழுத்துகளும் இடம் மாறுகின்றன. அதே வழிகாட்டி சொன்னபடி, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் ‘எஃப்இசட்எஃப் --பாஷ்’ என்ற வரியைச் சேர்த்தால், அப்படி ஒரு விருப்பமே இல்லை என்று பிழை வருகிறது.

#6 பிரியா_ர

இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த --பாஷ் விருப்பம் 0.48 பதிப்பில்தான் வந்தது, 2024-இல். உபுண்டு 22.04-இன் களஞ்சியத்தில் இருப்பது 0.29. 24.04-இல்கூட 0.44தான். டெபியன் 12-இல் 0.38. ஆகவே இணையத்தில் இப்போது எழுதப்படும் வழிகாட்டிகள் பலவும் உங்கள் பதிப்புக்கு ஒத்துவராது.

உங்கள் பதிப்பில் விசைகளை இயக்கும் ஸ்கிரிப்ட் தனியாக இருக்கிறது. /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்/எஃப்இசட்எஃப்/எக்ஸாம்பிள்ஸ் என்ற அடைவுக்குள் கீ-பைண்டிங்ஸ் என்ற பெயரில், பாஷுக்கு ஒன்று, இசட்ஷெல்லுக்கு ஒன்று, ஃபிஷ்ஷுக்கு ஒன்று. பாஷுக்கானதை உங்கள் பாஷ்ஆர்சியில் சோர்ஸ் செய்துவிட்டு (அதாவது அதைப் படித்து இயக்கும் வரியைச் சேர்த்துவிட்டு) புதிய ஷெல் திறந்தால் சரியாகிவிடும். டெபியன் குடும்பத்தில் பொதியை நிறுவினால் மட்டும் இது தானாக இயங்காது. டாக் அடைவில் உள்ள ரீட்மீ ஃபைலில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை.

எழுத்துகள் இடம் மாறுவதற்குக் காரணம், கண்ட்ரோல்-டிக்கு பாஷில் பிறவியிலேயே அந்த வேலைதான். ஸ்கிரிப்ட் ஏறினால் அதை எஃப்இசட்எஃப் எடுத்துக்கொள்ளும்.

ஏறியபின் மூன்று விசைகள் கிடைக்கும். கண்ட்ரோல்-டி ஃபைலைத் தேர்வு செய்து கர்சர் இருக்கும் இடத்தில் ஒட்டும், பெயரில் இடைவெளி இருந்தால் அதற்கான காப்புக்குறியையும் தானே போட்டுவிடும். ஆல்ட்-சி ஃபோல்டரைத் தேர்வு செய்து அங்கே கூட்டிப்போகும். கண்ட்ரோல்-ஆர் நீங்கள் முன்பு அடித்த கட்டளைகளைத் தேடும். ஃபைலுக்காக வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் கண்ட்ரோல்-ஆருக்காகத்தான் இதை வைத்துக்கொள்கிறார்கள், நான் உட்பட. மேக்கில் இருப்பவர்களுக்கு ஆல்ட்-சி அடித்தால் வால் வைத்த சி எழுத்துதான் வரும். டெர்மினல் அமைப்புகளில் ஆப்ஷன் விசையை மெட்டாவாக மாற்ற வேண்டும்.

#7 கயல்

வேலை செய்கிறது! மிக்க நன்றி பிரியா அக்கா.

#8 முத்து_நெல்லை

சரி, நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன்.

எஃப்இசட்எஃப் என்பது ஃபைல் தேடும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குழாய்) வழியாக வரிகள் வருகின்றன, மனிதர் ஒருவர் அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறார், தேர்ந்தெடுத்த வரிகள் பைப்பின் மறுமுனையில் வெளியே போகின்றன. முன்னால் எந்தப் பட்டியலைக் கொடுப்பது, பின்னால் அதை வைத்து என்ன செய்வது என்பது முழுக்க உங்கள் கையில். பட்டியல் எதையும் கொடுக்காவிட்டால் மட்டும், போனால் போகிறது என்று நிற்கும் ஃபோல்டரின் ஃபைல்களைத் தானே எடுத்துக்கொள்கிறது.

நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டின் கிளைகளின் பட்டியலைக் கொடுத்தால் கிளை மாற்றும் கருவி ஆகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைக் கொடுத்தால் எதை நிறுத்துவது என்று தேர்வு செய்யும் கருவி. கயல், உங்கள் வேலைக்கு நேராகச் சொல்கிறேன்: ‘மெய்ப்பு-1 இருக்கிறது, மெய்ப்பு-2 இன்னும் இல்லை’ என்ற இதழ்களை மட்டும் பட்டியலிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி அதை இதற்குள் ஊற்றுங்கள். யாருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதை அங்கேயே உட்கார்ந்து தேர்வு செய்யலாம். எந்த ஃபைல் மேலாளரும் இந்தக் கேள்வியை முன்கூட்டி நினைத்து ஒரு பொத்தான் வைத்திருக்க முடியாது.

1994-இல் மிகேல் தெ இகாசா தொடங்கிய மிட்நைட் கமாண்டரை இன்றும் விரும்பிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, நல்ல கருவி. ரேஞ்சர், என்என்என், யாசி எல்லாம் அதே மரபு. ஆனால் அவை நம்மைத் தங்கள் வீட்டுக்குள் அழைத்துப்போய் அங்கேயே வேலை செய்யச் சொல்கின்றன. இதில் நாம் ஷெல்லை விட்டு நகர்வதே இல்லை.

#9 தேன்மொழி

ஒரு சந்தேகம். விம் $(எஃப்இசட்எஃப்) என்று அடிக்கிறோம். $( ) என்றால் உள்ளே இருப்பது அச்சடிப்பதை எல்லாம் ஷெல் பிடித்துக்கொள்ளும் அல்லவா? அப்படியானால் பட்டியல் மட்டும் எப்படித் திரையில் தெரிகிறது? அதுவும் சேர்ந்து விம்முக்குப் போயிருக்க வேண்டுமே?

#10 முத்து_நெல்லை

தேன்மொழி, மிக நல்ல கேள்வி. ஷெல் பிடித்துக்கொள்வது ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்ற ஒரு வாய்க்காலை மட்டும்தான். எஃப்இசட்எஃப் தன் திரையை அந்த வழியில் அனுப்புவதில்லை. பிழைச் செய்திகள் போகும் வழியிலோ டெர்மினலுக்கு நேராகவோ வரைகிறது. விசைகளையும் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் இருந்து படிப்பதில்லை, ஏனென்றால் அங்கே பட்டியல் வந்துகொண்டிருக்கும். /டெவ்/டிடிஒய் என்ற ஃபைலைத் திறந்து, அதாவது டெர்மினலையே நேரடியாகத் திறந்து, அங்கிருந்து படிக்கிறது. ஆக உள்ளே வரும் பைப்பில் பட்டியல் மட்டும், வெளியே போகும் பைப்பில் முடிவு மட்டும். மனிதரோடு நடக்கும் உரையாடல் இரண்டுக்கும் வெளியே நடக்கிறது. இந்தப் பிரிவை இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பதால்தான் எந்த ஸ்கிரிப்டின் நடுவிலும் இதைச் செருக முடிகிறது.

#11 பிரியா_ர

அதே $( ) பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டியல் வந்தபின் வேண்டாம் என்று எஸ்கேப் அடித்தால் எதுவும் அச்சாகாது, $( ) இருந்த இடம் வெறுமையாகிவிடும். விம் என்றால் வெற்றுப் பக்கம் திறக்கும், பரவாயில்லை. சிடி என்றால் எந்த ஃபோல்டரும் சொல்லாத சிடி ஆகி உங்களை வீட்டு அடைவுக்குக் கொண்டுபோய்விடும். கிரெப் என்றால் ஃபைல் பெயர் இல்லாததால் விசைப்பலகையில் இருந்து வரும் எழுத்துக்காகக் காத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். டெர்மினல் தொங்கிவிட்டது என்று நினைத்து விண்டோவை மூடுகிறவர்கள் உண்டு.

சரியான வழி, முடிவை முதலில் ஒரு மாறியில் வாங்கி, && போட்டு, பிறகு பயன்படுத்துவது. எஃப்=$(எஃப்இசட்எஃப்) && விம் "$எஃப்" என்ற மாதிரி. எஸ்கேப்போ கண்ட்ரோல்-சியோ அடித்தால் எஃப்இசட்எஃப் 130 என்ற வெளியேற்ற எண்ணைத் தரும், எதுவும் பொருந்தாமல் என்டர் தட்டினால் 1. இரண்டும் பூஜ்யம் அல்ல என்பதால் && அங்கேயே நின்றுவிடும். மேற்கோள்குறியை விடாதீர்கள், இடைவெளி உள்ள பெயர்கள் அதனால்தான் உடைகின்றன.

கயலின் பல ஃபைல் தேவைக்கு -எம் விருப்பம். டேப் அடித்து அடித்து வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு கடைசியில் என்டர். தேடும் சொல்லை இடையில் மாற்றினாலும் முன்பு குறித்தவை அப்படியே இருக்கும். அதனால் முதலில் ‘34தலை’ என்று தேடி இரண்டைக் குறித்து, அதை அழித்துவிட்டு ‘36கவிதை’ என்று தேடி இன்னும் மூன்றைக் குறிக்கலாம். நகல் எடுக்க, --பிரிண்ட்0 சேர்த்து வரும் பெயர்களைக் கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் -0 -ஆர் வழியாக சிபி -டி (t) என்ற நகல் கட்டளைக்கு அனுப்புங்கள். சிபியின் -டி சேரிட ஃபோல்டரை முதலில் சொல்ல உதவும். எக்ஸ்ஆர்க்ஸின் -ஆர், எதையும் தேர்ந்தெடுக்காதபோது சிபியை வீணாக ஓடவிடாது. பிரிண்ட்0 என்பது பெயர்களுக்கு நடுவில் புதுவரிக்குப் பதில் பூஜ்ய பைட்டைப் போடும், பெயரில் எந்தக் குறி இருந்தாலும் தப்பிக்கும்.

இதே வரியில் சிபிக்குப் பதில், ஃபைலை அழிக்கும் ஆர்எம் போட்டு ஒரு சுருக்கக் கட்டளை செய்துவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். குறித்தது பட்டியலில் கீழே ஓடி மறைந்திருக்கும்போது என்டர் தட்டுவது மிக எளிது. அழிப்பதற்கு ஆர்எம் என்று கையால் எழுதி, கண்ட்ரோல்-டி போட்டு, பெயர்கள் வரியில் வந்து விழுந்தபின் கண்ணால் ஒருமுறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

#12 பழைய_பாஷ்

பிரியா சொன்ன கடைசி விஷயம்தான் எனக்கு இந்தக் கருவியில் பிடித்தது. கண்ட்ரோல்-டி போட்டால் கட்டளை முழுவதும் வரியில் தெரிகிறது, வரலாற்றிலும் முழுப் பெயரோடு பதிவாகிறது. நாளைக்குக் கண்ட்ரோல்-ஆர் போட்டுப் பார்த்தால் எந்த ஃபைலை என்ன செய்தோம் என்று தெரியும். $( ) போட்டு எழுதினால் வரலாற்றில் எஃப்இசட்எஃப் என்ற சொல் மட்டும்தான் இருக்கும். சர்வர் பார்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது.

#13 தேன்மொழி

முன்னோட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே? --பிரிவியூ என்று கொடுத்தால் வலப்பக்கம் ஃபைலின் உள்ளடக்கம் தெரிகிறது. அதில் {} என்று எழுதும் இடத்தில் கர்சர் நிற்கும் வரி வந்து உட்காரும். நான் ஃபைலைக் காட்டும் பேட் கட்டளையைப் போட்டு வைத்திருக்கிறேன், வண்ணத்தோடு வருகிறது. மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். திறக்காமலே எந்த ஃபைல் என்று தெரிந்துவிடும்.

#14 பிரியா_ர

உபுண்டுவில் பேட் என்று அடித்தால் வராது, பேட்கேட் என்று அடிக்க வேண்டும். பாக்குலா என்ற காப்புநகல் மென்பொருளின் நிரல் ஒன்று அந்தப் பெயரை முன்பே வைத்திருந்ததால் டெபியன்காரர்கள் மாற்றிவிட்டார்கள். ஃபைண்ட்டுக்கு மாற்றாகப் பலர் பயன்படுத்தும் எஃப்டி (fd) கட்டளையும் அப்படித்தான், இங்கே அதன் பெயர் எஃப்டிஃபைண்ட். வழிகாட்டியை அப்படியே நகலெடுத்தால் முன்னோட்டப் பெட்டியில் ‘கட்டளை இல்லை’ என்றுதான் வரும்.

எஃப்டியைப் பட்டியல் தருவதற்கு வைத்துக்கொண்டால் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியல்) உள்ளவற்றைத் தானே தவிர்த்துவிடும், பட்டியல் சுத்தமாக இருக்கும். அதற்கு எஃப்இசட்எஃப்_டிஃபால்ட்_கமாண்ட் என்ற சூழல் மாறியில் எழுதுவார்கள். ஆனால் கண்ட்ரோல்-டி அதைப் பார்ப்பதில்லை, அதற்குத் தனியாக எஃப்இசட்எஃப்_கண்ட்ரோல்_டி_கமாண்ட் என்ற மாறி உண்டு. ‘டிஃபால்ட்டை மாற்றிவிட்டேன், கண்ட்ரோல்-டியில் மாறவில்லை’ என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

முன்னோட்டத்தில் ஸ்கேன் படமே தெரிய வேண்டும் என்றால் சாஃபா என்ற கருவி படத்தை டெர்மினல் எழுத்துகளாக மாற்றிக் காட்டும். எழுத்தைப் படிக்க முடியாது, ஆனால் அட்டையா, விளம்பரப் பக்கமா, கட்டுரையா என்று அடையாளம் தெரியும்.

#15 செழியன்

மாற்றுகளையும் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதிய எஃப்இசட்ஒய் மிகச் சிறியது, எது மேலே வர வேண்டும் என்ற மதிப்பீட்டில் மட்டும் கவனம் வைத்தது. ரஸ்ட் மொழியில் ஸ்கிம், கோ மொழியில் பெக்கோ. பைத்தானில் பெர்கால் இருந்தது, இந்த வகைக்கு முன்னோடிகளில் ஒன்று. எனக்கு எஃப்இசட்எஃப்பே போதும், இருந்தாலும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட பாத்பிக்கர். கட்டளைப் பெயர் எஃப்பிபி. கிட் ஸ்டேட்டஸ், கிரெப் போன்றவற்றின் வெளியீட்டை அப்படியே அதற்குள் ஊற்றினால், அந்த எழுத்துக் குவியலுக்குள் எதெல்லாம் ஃபைல் பாதை என்று தானே கண்டுபிடித்து அவற்றை மட்டும் தேர்வு செய்யக் கொடுக்கும். எஃப்இசட்எஃப்பில் ‘மாடிஃபைடு:’ என்ற சொல்லையும் சேர்த்துத்தான் முழு வரி வரும், நாம்தான் வெட்டி எடுக்க வேண்டும். வரி எப்படி இருந்தாலும் பாதையைப் பிடித்துக் கொடுப்பது பெரிய உதவி.

தேடலில் இன்னும் கூர்மை வேண்டும் என்றால் எஃப்இசட்எஃப்பில் சில குறிகள் உண்டு. சொல்லுக்கு முன் ' போட்டால் அந்தச் சொல் அப்படியே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ^ போட்டால் வரியின் தொடக்கத்தில், கடைசியில் $ போட்டால் முடிவில். ! போட்டால் அது இல்லாத வரிகள் மட்டும். கயல், ‘தலை !ஓசிஆர்’ என்று தேடிப் பாருங்கள், ஓசிஆர் ஃபோல்டரில் உள்ளவை ஒதுங்கிவிடும்.

#16 கயல்

எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. முத்து சொன்ன மாதிரி ‘மெய்ப்பு-2 இல்லாதவை’ பட்டியலை எழுதிவிட்டேன், குழுவில் மற்றவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு விசித்திரம். சில ஃபோல்டர்களில் ‘தொகுதி’ என்று தேடினால் எதுவும் வருவதில்லை. ‘குதி’ என்று தேடினால் அதே ஃபோல்டர் வருகிறது, திரையில் ‘தொகுதி’ என்றுதான் தெரிகிறது! மற்ற ஃபோல்டர்களில் இந்தச் சிக்கல் இல்லை.

#17 சுதன்_யாழ்

கயல், அந்த ஃபோல்டர்கள் யாராவது ஒருவரின் பழைய மேக் கணினியில் இருந்து வந்தவையா?

#18 கயல்

ஆமாம்! குழுவில் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் தன் மேக்கில் ஸ்கேன் செய்து வைத்திருந்தவை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

#19 சுதன்_யாழ்

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்திக்கிற விஷயம் இது. எஃப்இசட்எஃப்பின் பிழை இல்லை.

யூனிகோடில் ‘தொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ‘த’வுக்குப் பிறகு ஒகரக் குறி என்று ஒரே குறியீடு. அல்லது ‘த’, பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறியீடுகள். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, திரையிலும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் பைட்டுகள் வேறு. நாம் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் முதல் வகைதான் வரும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை பெயர்களைச் சேமிக்கும்போதே பிரித்து இரண்டாம் வகையாக்கிவிடும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை, ஆனால் அதற்கு முன் பிரிந்த பெயர்கள் நகலெடுக்கும்போது பிரிந்தபடியே லினக்ஸுக்கு வந்துவிடும். லினக்ஸ் பைட்டை அப்படியே வைத்துக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்கலாம். அந்த ஃபோல்டரின் பெயரில் இருந்து ‘தொகுதி’ என்ற பகுதியை மட்டும் எடுத்து, பைட்டை எண்ணும் டபிள்யூசி -சி கட்டளைக்குக் கொடுங்கள். சேர்ந்த வடிவம் என்றால் 18 பைட், பிரிந்த வடிவம் என்றால் 21 (எக்கோ வழியாகக் கொடுத்தால் வரிமுடிவுக்கு ஒன்று கூடும்). ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்ற கணக்கு.

எஃப்இசட்எஃப் குறியீடு குறியீடாகத்தான் ஒப்பிடுகிறது. லத்தீன் எழுத்தின் மேலே உள்ள குறிகளைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதி அதில் உண்டு, தமிழுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் தட்டிய ஒகரக் குறி அந்தப் பெயரில் இல்லவே இல்லை.

இதே குணத்தால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால், அவற்றை விட்டுவிட்டு வெறும் அகரமேறிய எழுத்துகளை மட்டும் தட்டினாலே போதும். ‘கடிதம்’ வேண்டும் என்றால் ‘கடதம’. ‘தலையங்கம்’ வேண்டும் என்றால் ‘தலயஙகம’, அதைவிடச் சுருக்கமாக ‘தலயக’. ‘தொகுதி’க்கு ‘தகத’ என்றால் இரண்டு வடிவமும் ஒன்றாகவே வந்து விழும். கெதியாகத் தட்டலாம், பெயரை யாராவது குறில் நெடில் மாற்றி எழுதியிருந்தாலும் அகப்படும். நான் தமிழ்ப் பெயர்களை இப்போது இப்படித்தான் தேடுகிறேன்.

#20 தேன்மொழி

‘கடதம’ முயன்று பார்த்தேன். அருமை! சுதன் அண்ணா, எனக்குப் பட்டியலில் தமிழ் வரிகள் மட்டும் சற்று நகர்ந்து, முன்னோட்டப் பெட்டியின் கோடும் கோணலாகத் தெரிகிறதே, அதற்கு வழி உண்டா?

#21 சுதன்_யாழ்

அது டெர்மினலைப் பொறுத்தது. ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று நிரல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, டெர்மினல் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. ‘கொ’ போன்ற எழுத்துகளில் இரண்டும் ஒத்துவராதபோது கோடு நகர்கிறது. வேறு டெர்மினலில் திறந்து பாருங்கள், வித்தியாசம் விளங்கும். எரிச்சலாக இருந்தால் முன்னோட்டப் பெட்டியை வலப்பக்கத்தில் இருந்து கீழே மாற்றிவிடுங்கள். --பிரிவியூ-விண்டோவுக்கு டவுன் என்று கொடுத்தால் பட்டியலுக்குப் பக்கத்தில் கோடு இருக்காது.

கயல், பெயர்களை நிரந்தரமாகச் சரிசெய்ய கான்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது, ஆப்டிலேயே கிடைக்கும். -எஃப் யூடிஎஃப்8, -டி (t) யூடிஎஃப்8, --என்எஃப்சி (சேர்ந்த வடிவம்), உள்ளே உள்ள எல்லா ஃபோல்டருக்கும் -ஆர். இப்படி ஓட்டினால் எந்தப் பெயர் என்னவாக மாறும் என்று காட்டுமே தவிர எதையும் தொடாது. பட்டியலைப் பார்த்துத் திருப்தி என்றால் --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், அப்போதுதான் உண்மையாக மாற்றும்.

ஓட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். ஒரே ஃபோல்டரில் ‘தொகுதி-07’ இரண்டு முறை தெரிகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும், உள்ளே இருக்கும் கோப்புகள் வேறாகவும் இருக்கலாம். அவற்றை நீங்களே பார்த்து ஒன்றாக்க வேண்டும். அடுத்து, ஔகாரக் குறியைக் கொம்பும் ‘ள’வும் சேர்த்து எழுதியிருந்தால் இந்தக் கருவி திருத்தாது. பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் யூனிகோடின்படி அது வேறு எழுத்து, அதனால் ‘மௌனம்’ போன்ற பெயர்களைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

#22 கயல்

22 பைட் வந்தது சுதன் அண்ணா, எக்கோ வழியாகக் கொடுத்தேன். அப்படியானால் பிரிந்த வடிவம்தான். சோதனை ஓட்டத்தின் பட்டியலையும் எடுத்துவிட்டேன், அதையே எஃப்இசட்எஃப்புக்குள் ஊற்றி ‘மௌ’ இருக்கும் பெயர்களைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் விரிதாளிலும் பழைய வடிவத்தில் பெயர்கள் இருக்கும் என்பதால் அதையும் சேர்த்து மாற்றும்வரை --நோடெஸ்ட் போடப் போவதில்லை. விரிதாளை வைத்திருப்பவரிடம் இன்று மாலை கேட்கிறேன்.